குதிரைக்கு வைத்த மருதாணி

சிவமயம்

வலையபட்டி,
ஆனி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள விசாலிக்கு, உன் மாமியார் நாச்சியம்மை எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உடம்புக்குச் சுகம்தான். மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. கேட்டில் ஒன்றுமில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நான் போனில் கத்திப் பேசுகிறவள். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமலே அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன் என்று உன் மாமா சொல்வார். கடிதமென்றால் நீ ஆற அமரப் படிக்கலாம். கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

வைகாசியில் இந்த வீட்டில் கல்யாணம். ஆனி பிறந்ததும் நீ கோயம்புத்தூரில். புதுப்பெண்ணை ஆடிக்குத்தானே அழைத்துப் போவார்கள், இவர்கள் வீட்டில் மட்டும் ஆனியிலேயே ஆடி வந்துவிட்டதா என்று கோயிலுக்குப் போனால் கேட்கிறார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கிறேன். உன் அப்பச்சி காரில் ஏறும்போது சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "தோல் வியாதிய மறைச்சு எம்மகளக் கட்டி வச்சுட்டீகளே ஆச்சி" என்றார். நல்ல மனிதர், குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மகன் எதையும் மறைக்கவில்லை விசாலி. அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் உடம்பில் ஒரு பொட்டு கிடையாது. பெற்றவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் அந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து உன் அப்பச்சி முன்னால் வைப்பது என்று முடிவு செய்தேன்.

நீ போன மறுநாளே என் மகன் அழகுவைச் சட்டைக் கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, காரைக்குடியில் தோல் டாக்டரிடம் கொண்டுபோனேன். வேட்டியை விலக்கச் சொன்னார். இரண்டு கெண்டைக்காலிலும் உட்பக்கம் வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தோல் தெளிந்து கிடந்தது. உன் கழுத்தடியில் இருந்ததும் இதே வட்டம்தானே. பார்த்ததுமே சொல்லிவிட்டார், படர்தாமரை, பூஞ்சையால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், மருந்துக்கு அடங்கிவிடும் என்று. இதற்கா வீடு இரண்டாகப் போகிறது என்று எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அவன் மருந்துக் கடையில் தானாக ஒரு டியூப் வாங்கிப் பூசியிருக்கிறான். உனக்கும் அதைத்தான் கொடுத்தானாமே. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை பாட்டுக்கு விரிந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு அந்த டியூபைக் குப்பையில் போடு. அங்கேயே ஒரு தோல் டாக்டரைப் பார்.

அப்புறம் அவர் கேட்டார், வீட்டில் நாய், பூனை, மாடு உண்டா என்று. பிராணிகளிடமிருந்தும் வருமாம். எங்கள் வீட்டில் பல்லியைத் தவிர எதுவும் இல்லை என்றேன். வீடு வரும் வரைக்கும் யோசித்தேன். இரண்டு காலிலும், ஒரே உயரத்தில், உட்பக்கம் மட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படி வருமா? காரில் உட்கார்ந்தால் வருமா? சாப்பாட்டுக்கு இலை போட்ட பிறகு எனக்கு உறைத்தது. சாப்பிடாமல் எழுந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தேன்.

மாப்பிள்ளை அழைப்பில் அழகு குதிரையில் வருகிற படம். பட்டு வேட்டி முழங்காலுக்கு ஏறிக் கிடக்கிறது, வெறுங்கால் இரண்டும் குதிரையின் விலாவோடு ஒட்டியிருக்கிறது. குதிரைக்குத் தோளிலிருந்து வயிறு வரைக்கும் மருதாணி. நினைவிருக்கிறதா? அட்டிகை மாதிரியும் பதக்கம் மாதிரியும் வட்ட வட்டமாக வரைந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் குதிரையைப் பார்த்தார்கள். நீகூட அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டாய். நானும் வாய் ஓயாமல் மெச்சினேன்.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். வலது பக்கம் கொத்துக் கொத்தாக வட்டம். இடது பக்கம் இரண்டோ மூன்றோ. சேணத்தின் வயிற்றுப் பட்டை போகிற இடத்தில் நெருக்கமாக, முதுகில் ஒன்றுமில்லை. அலங்காரத்துக்கு வரைகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா வரைவார்கள்? குதிரையின் தோலில் வட்டம் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் மருதாணி போயிருக்கிறது.

நாளைக் காலை அந்தக் குதிரைக்காரன் வீட்டுக்குப் போகிறேன். உன் அப்பச்சியிடம் இதைச் சொல். முடிவாக எதையும் பேசிவிட வேண்டாம், ஆச்சி குதிரையைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல். சிரித்தாலும் சிரிக்கட்டும்.

உனக்கு எல்லா நலமும் வர வேண்டிக்கொண்டு,
நாச்சியம்மை.


சிவமயம்

வலையபட்டி,
ஆனி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விசாலிக்கு, நாச்சியம்மை எழுதுவது.

முதல் கடிதம் எழுதிப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று, கிடைத்திருக்கும். கூரியர்காரர் கிடைத்துவிட்டது என்கிறார், உன் கையெழுத்தையே போனில் காட்டினார். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீ சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

குதிரைக்காரர் பெயர் நாகேந்திரன். திருப்பத்தூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி வீடு. பத்தர் குடும்பம், நகை வேலை செய்தவர்கள். இப்போது அவர் கல்யாணத்துக்குக் குதிரை விடுகிறார். மூன்று குதிரைகள். அழகு ஏறியது வெள்ளைக் குதிரை, அதற்குப் பவளம் என்று பெயர். வெள்ளைக்கு எப்படியப்பா பவளம் என்று கேட்டால், வாங்கும்போதே அந்தப் பெயர்தான் ஆச்சி என்கிறார்.

முதலில் ஒரே மறுப்பு. "எங்குதிரைக்கு ஒண்ணுமில்ல ஆச்சி. பட்டை உராஞ்ச காயம். நீங்க யாரோ சொன்னதக் கேட்டு வந்திருக்கீக" என்றார். நான் போனில் ஆல்பத்துப் படத்தைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, அவர் சம்சாரம் நாகவல்லி பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வரைந்தது அவள்தான். "முடி கொட்டி வட்டம் வட்டமாத் தெரிஞ்சுச்சு ஆச்சி. கல்யாண வீட்டுல பாத்தா வேண்டாம்பாகன்னு வரைஞ்சேன். இது மனுசருக்கு வரும்னு சத்தியமாத் தெரியாது" என்றாள். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போனவள் நான். அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் அதே வட்டம்.

அப்புறம் யாரைத் திட்டுவது? கால்நடை டாக்டரைக் கூப்பிட்டேன். ஜனனி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையுறை போட்டுக்கொண்டு பவளத்தைச் சுற்றி வந்தாள். மருதாணி மங்கி, அடியில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகத் தெரிந்தது. வட்டத்தின் ஓரத்தில் முடியைப் பிடித்தால் வேரோடு கையில் வருகிறது. நான் சும்மா இருப்பேனா, இது சொறியாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொறியென்றால் குதிரை நிற்காதாம், காலை உதறும், தூணில் போய்த் தேய்க்கும். இது அவ்வளவாக அரிக்காது, அதனால்தான் வீட்டுக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். மழையில் நனைந்து வருகிற புண் ஒன்று உண்டாம், அது முதுகில் பொருக்குக் கட்டி முடி கொத்தாக எழும்புமாம். பட்டை போடுகிற இடத்தில் வட்டமாக வந்தால் முதலில் படர்தாமரையைத்தான் நினைக்க வேண்டும் என்றாள். வட்டத்தின் ஓரத்து முடியையும் செதிலையும் ஒரு உறையில் எடுத்துக்கொண்டாள். சோதனைச் சாலையில் பூஞ்சை வளர்ந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும், ஆனால் அதுவரை மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்றாள்.

நாகேந்திரன் அதுவரை என்ன பூசியிருந்தார் தெரியுமா? லாரியில் வடிக்கிற பழைய எஞ்சின் ஆயில். பூஞ்சை மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் நானே இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். "அண்ணே, அது தோலை வேகவைக்கும். குதிரை நக்குனா உள்ளயும் போகும். இனி அந்த டப்பாவ இந்தப் பக்கம் பாத்தேன்னா நானே குதிரைய ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றாள்.

இப்போது நான் தினமும் அங்கே போகிறேன். உன் மாமா, குதிரை வாங்கப் போகிறாயா என்று கேட்கிறார். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல். மருந்து கந்தகம் கலந்த கழுவல், அழுகிய முட்டை நாற்றம். வட்டத்தில் மட்டும் பூசினால் போதாதாம், தலையிலிருந்து வால் வரை நனைக்க வேண்டும், கழுவிவிடாமல் அப்படியே காயவிட வேண்டும். சில நாள் விட்டுத் திரும்ப வேண்டும். பவளத்தைத் தனியாகக் கட்டியாயிற்று. கூட நின்ற மற்ற இரண்டுக்கும் வட்டம் இல்லையென்றாலும் கழுவல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் தேய்ப்பான், தனி வாளி, தனித் துண்டு. பவளத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். உதிர்ந்த முடியைக் கூட்டி எரிக்க வேண்டும்.

வெல்வெட் விரிப்புதான் பெரிய தகராறு. ஜரிகை கறுத்துவிடும் என்று வாங்கின நாளிலிருந்து அதைத் தண்ணீரில் போட்டதே கிடையாது. மூன்று குதிரைக்கும் ஒரே விரிப்பு, அதில் ஏறாத மாப்பிள்ளை இந்தப் பக்கத்தில் இல்லை. பூஞ்சையின் விதை அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், எரித்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் நாகவல்லி விரிப்பை மடியில் கட்டிக்கொண்டு அழுதாள். ஜரிகை அவள் கையால் தைத்தது. கடைசியில் அவளே நெருப்பு வைத்தாள். தோல் பட்டைகளையும் சேணத்தையும் மருந்தில் துடைத்து வெயிலில் போட்டிருக்கிறோம்.

இனி நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நீ ஏசுவாய், ஏசு. உன் அப்பச்சி போனில் உன் மாமாவிடம் சொன்னாராம், குதிரைக்கு இருக்கலாம், அது குதிரையிடமிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி, உங்கள் பையனிடமிருந்துகூடக் குதிரைக்குப் போயிருக்கலாமே என்று. அன்று முழுவதும் வளவு முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் கழுவலுக்கு முன்னால், டாக்டரம்மா வண்டியில் மருந்து எடுக்கப் போன நேரம், கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தைப் பவளத்தின் விலாவில் வைத்துத் தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். அந்தக் குதிரை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லைத் தின்றது. எனக்கு வரட்டும், வந்தால் உன் அப்பச்சி வந்து பார்க்கட்டும். டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டாள். கையை சோப்புப் போட்டு அவளே கழுவிவிட்டு, "உங்களுக்குப் புத்தி இருக்கா ஆச்சி" என்றாள். இல்லை என்றேன்.

இன்னொன்று. இந்த முகூர்த்தத்துக்குக் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் பவளத்தைப் பேசியிருந்தார் நாகேந்திரன். ஆடி வந்துவிட்டால் குதிரைக்கு வேலை இல்லை, இதை விட்டால் அவ்வளவுதான் என்று என் காலில் விழாத குறை. "புது விரிப்புப் போட்டு, மாப்பிள்ளைக்கு உள்ள கால்சட்டை போட்டு ஏத்திருவோம் ஆச்சி" என்றார். அந்த மாப்பிள்ளை வீடு எனக்குத் தெரிந்த வீடுதான். குதிரை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் என் மகன் காலில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும். இரண்டு நாள் அதை எண்ணித் தூங்கவில்லை. அப்புறம் போன் செய்தேன், பையனின் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அழகுக்கு இந்தக் குதிரையிலிருந்து படர்தாமரை வந்தது, அவனிடமிருந்து எங்கள் மருமகளுக்குப் போயிற்று, உங்கள் பையனை ஏற்றாதீர்கள் என்றேன். அந்தம்மா காரில் அழைத்துக்கொள்கிறோம் என்று நன்றி சொன்னார். இதற்குள் பாதி செட்டிநாட்டுக்குத் தெரிந்திருக்கும், தெரியட்டும்.

அழகுக்குத்தான் என் மேல் கடும் கோபம். "அடங்கிப்போன பேச்ச எதுக்காத்தா கிளப்புறீக" என்று தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அடங்கிப்போன பேச்சா? எங்கே அடங்கிற்று? நீ அங்கே இருக்கிறாய், இவன் இங்கே லாப்டாப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். எனக்கு அவன் சொல்வது பிடிபடவில்லை.

ஒரு வார்த்தை எழுது விசாலி. திட்டியாவது எழுது.

உன் நலம் நாடும்,
நாச்சியம்மை.


சிவமயம்

வலையபட்டி,
ஆனிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள விசாலிக்கு.

என் கையில் வந்துவிட்டது. முந்தாநாள் குளிக்கும்போது பார்த்தேன், முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம், அரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையல்காரம்மாவிடம் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னேன். வியாதி வந்ததற்குப் பொங்கல் வைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் உன் மாமா. கையைப் படம் பிடித்து உன் அப்பச்சிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டுக் கோயம்புத்தூருக்கே வந்து நிற்க வேண்டும் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. எத்தனை நாள் கழித்து, அதுவும் இரண்டே வரி. "அயித்தை, குதிரை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்னைக்கு முகப்புல சொக்கு அயித்தை பேசினப்ப உங்க மகன் என்ன செஞ்சாகன்னு அவுககிட்டயே கேளுங்க."

கேட்டேன். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கேட்டேன். அவன் முதலில் மீட்டிங் என்றான். மூடு அதை என்றேன்.

சொக்கு என் நாத்தனார்தான், ஆனால் அவள் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நீ கிளம்புவதற்கு முன்னால் விருந்துக்கு உறவெல்லாம் கூடியிருந்தார்களே, அன்றைக்கு நான் பின்கட்டில் வாடகைப் பாத்திரக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன், முகப்பில் நடந்தது எதுவும் என் காதுக்கு வரவில்லை. அவள் அங்கே கூட்டத்துக்கு நடுவில் உன் கழுத்தைக் காட்டி, "பெங்களூரு ஹாஸ்டல்ல நாலு பேரு துண்ட மாத்தி மாத்திப் போட்ட பிள்ளைக்கு இதெல்லாம் வராம என்ன, இனி எங்க பையனுக்கும் ஒட்டப்போகுது" என்றாளாம். நீ அவனைத் திரும்பிப் பார்த்தாயாம். அதை அவனே சொன்னான். அவன் காலில் உனக்கு முன்னாலேயே ஒரு வாரமாக வட்டம் இருந்திருக்கிறது. பேண்டைப் போட்டு மூடிக்கொண்டு திரிந்திருக்கிறான். அன்றைக்கு வாயைத் திறந்து, எனக்குத்தான் முதலில் வந்தது, என்னிடமிருந்துதான் அவளுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொக்கு அடங்கியிருப்பாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

அடங்கிப்போன பேச்சு என்று அவன் சொன்னது இதைத்தான். உன் மேல் விழுந்த பேச்சு உன் மேலேயே கிடக்கட்டும் என்றிருந்திருக்கிறான். நான் ஊரெல்லாம் போன் செய்து, என் மகனுக்குக் குதிரையிடமிருந்து வந்தது என்று சொன்னதும்தான் அவனுக்குச் சுட்டிருக்கிறது.

முதல் கடிதத்தில் என் மகன் எதையும் மறைக்கவில்லை என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு. உன் அப்பச்சி சொன்னதில் பாதி சரி. கல்யாணத்துக்கு முன்னால் மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மறைத்தான், அதுவும் உன்னை முன்னால் நிறுத்தி மறைத்தான். அவனை அடிக்கக் கை வந்தது. கையில் படர்தாமரை, அவன் மேல் படக் கூடாது என்று அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது பார். அப்படியே இறங்கி வந்தேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது விசாலி. இத்தனை நாள் காரணம் தேடிக் குதிரையைச் சுற்றி வந்திருக்கிறேன். முடியைச் சோதனைக்கு அனுப்பினேன், விரிப்பை எரிக்க வைத்தேன், என் கையையே கொண்டுபோய்த் தேய்த்தேன். காரணம் மாடியில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீ எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, இந்த அம்மாள் எங்கெங்கோ ஓடுகிறாளே என்று பேசாமல் இருந்திருக்கிறாய். எப்படிப் பொறுத்தாயோ தெரியவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். எங்கள் குலக் கோயிலான இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் பங்காளிகள் வந்திருந்தார்கள், சொக்குவும் வந்திருந்தாள். அன்றைக்கு முகப்பில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். முதலில் வந்தது அழகுக்கு, அவனிடமிருந்துதான் விசாலிக்கு, அந்தப் பிள்ளை மேல் சொன்னதற்கு நீ எல்லார் முன்னாலும் பதில் சொல்லு என்று சொக்குவிடம் கேட்டேன். சொக்கு அழுதாள், அவள் அழுகை உனக்குத் தெரியும், கண்ணீர் வராது. தெரியாமப் பேசிட்டேன் அண்ணி என்றாள். அழகு அங்கேதான் நின்றான். அவனாகப் பேசுவான் என்று பார்த்தேன். நான் முடித்த பிறகு, "ஆத்தா சொல்றது நெசம்தான்" என்றான். அவ்வளவுதான். அதுவும் என் பின்னால் நின்றுகொண்டு.

இரவு வந்து, விசாலியிடம் போய் என்ன சொல்லணும் ஆத்தா என்று கேட்டான். சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்றேன். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கா எழுதிக் கொடுப்பது? நாளைக் காலை பஸ்ஸில் வருகிறான், காரை நான் கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் அவனுக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. முன்னால் வர வேண்டும் என்று கூரியர்காரரிடம் மன்றாடியிருக்கிறேன்.

பவளத்துக்குச் செதில் உதிர்ந்து வட்டத்தில் பூனை மயிர் மாதிரிப் புது முடி வருகிறது. ஆனாலும் கழுவலை நிறுத்தக் கூடாதாம், சோதனையில் இல்லை என்று வரும் வரை ஏற்றவும் கூடாதாம். ஆடி முழுக்க அது சும்மா நிற்கப்போகிறது. நாகவல்லிக்கும் எனக்கும் ஒரே டாக்டர், ஒரே களிம்பு. உனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே, மேலே தெளிந்த பிறகும் டாக்டர் சொல்கிற வரை பூசு. தலையணை உறையையும் துண்டையும் கொதிக்கிற வெந்நீரில் போடு.

ஆடி முடிந்ததும் வந்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை, அவனுக்கும் இன்னும் இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் என் கை ஆறியதும் உன்னைப் பார்க்க நான் வருவேன். அழகுவின் தாயாராக உள்ளே விட வேண்டாம், நாச்சியம்மை என்று நினைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடு.

அவன் வந்து நின்றால் உன் அப்பச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொள். அவன் குதிரையைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடு.

நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, மனம் குளிர்ந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

நாச்சியம்மை.